உயிர்க்காற்றும் உழைப்பும் உயர்மலையும்

(வேங்கிக்காலில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் அன்பர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



தேகப்பயிற்சியின் அவசியத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று நமது சங்கத்துக் காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் வைத்தியனல்லன், முப்பதாண்டுக் காலம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வுபெற்ற ஓர் உபாத்தியாயன். ஆயினும், தேகப்பயிற்சியோடு உயர்மலைப் பிரயாணத்தையும் சேர்த்துப் பேச அனுமதி வேண்டினேன். அதற்குக் காரணமுண்டு. நம்மவரில் மூன்று குடும்பத்தார் இவ்வாண்டு வடநாட்டு யாத்திரைக்கு ஆயத்தம் செய்து வருகின்றனர். விடியற்காலையில் இவ்வூர் ஏரிப் பக்கத்தில் ஓடிப் பழகிய நம் பிள்ளைகள் இருவர் இராணுவத்துக்குத் தேர்வாகியிருக்கின்றனர். அவர்கள் எல்லோரும் செல்லப்போகும் இடங்களில் காற்று நம்மூர்க் காற்றைப் போன்றதன்று. அதை அறியாமற் சென்றவன் நான். அறியாமையின் விலையை நான் கொடுக்கவில்லை. என் தமக்கையின் கணவர் கொடுக்க நேர்ந்தது.

அந்த வரலாற்றை முதலில் கூறிவிடுகிறேன். அவர் அறுபது வயதுக்கு அணித்தானவர். பௌர்ணமிதோறும் தவறாது கிரிவலம் வருபவர். சுமார் 14 கிலோமீட்டர் வழியை எங்கும் உட்காராமல் நடந்து முடிப்பார். "மாமா, உங்களுக்கென்ன, நீங்கள் இமயமலையையே சுற்றி வரலாம்" என்று நானே அவரைப் புகழ்வதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இருவரும் டில்லியினின்று ஆகாய விமானமேறி ஒன்றரை மணி நேரத்திற்குள் லடாக்கிலுள்ள லே நகரில் இறங்கினோம். அந்நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,500 மீட்டர், அதாவது 11,500 அடி உயரத்திலுள்ளது. முதலிரண்டு நாள் ஓய்வு கொள்ளும்படி விடுதிக்காரர் எச்சரித்தார். நாங்களோ அன்று மாலையே கடைவீதி சுற்றினோம். இரவில் அவருக்குத் தலைநோவு கண்டது. பிறருக்குச் சொன்னால் பிரயாணம் தடைப்படுமென்று என்னிடம் மட்டும் சொன்னார். நான் ஒரு தலைவலி மாத்திரையும், ஊரிலிருந்து வாங்கிப்போன வைட்டமின் மாத்திரைகள் இரண்டும் கொடுத்து, "இவை இரத்தத்தைச் சுத்தி செய்யும், காலையில் சரியாகிவிடும்" என்றேன். மறுநாள் 5,359 மீட்டர் உயரமுள்ள கார்துங் கணவாய்க்கு மோட்டாரில் ஏறி, பனியில் நடந்து, மாலையில் லேக்குத் திரும்பினோம். மூன்றாம் நாள் இரவு அவருக்கு இருமல் அதிகரித்தது. படுத்தால் மூச்சு முட்டியது. உதடுகள் நீலம் பாய்ந்தன. வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தோம். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பிராணவாயு கொடுத்துப் பிழைக்கச் செய்தார்கள். "இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால்..." என்று தொடங்கிய டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவரை நான் தமக்கையிடம் உயிரோடு ஒப்புவித்தேன். ஆயினும், தேகபலமும் மாத்திரையும் இருந்தால் போதுமென்று நான் கொண்டிருந்த எண்ணம் எங்ஙனம் பிழையாயிற்று என்பதை அறியும் வரையில் எனக்கு அமைதியில்லை. அதன்பின் நான் படித்தறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பிராணவாயு நமக்கு உயிர் தருவது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அது நெருப்பை வளர்க்கும் பொருள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். விறகை எரிப்பதும், இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும் அதுவே. நமது தேகத்தின் ஒவ்வோர் உயிரணுவிலும் மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணிய அடுப்புகள் உள்ளன. நாம் உண்ட சோறு அங்கே பிராணவாயுவின் துணையால் எரிந்து சக்தியாகின்றது. எந்த அடுப்பிலும் ஒன்றிரண்டு பொறிகள் வெளியே தெறிப்பதுபோல, இவ்வடுப்பிலும் எலெக்ட்ரான் என்னும் அணுத்துகள்கள் சில வழிதவறிப் பிராணவாயுவைப் பற்றிக்கொள்கின்றன. அங்ஙனம் பிறக்கும் பொறிக்குச் 'சூப்பராக்ஸைடு' என்று பெயர். இத்தகைய பொறிகள் உயிரணுவின் கொழுப்புச் சவ்வையும் புரதத்தையும் மரபுப்பொருளையும் சுட்டுவிடக் கூடியவை.

ஆனால் இயற்கை இதற்குக் காவலையும் அமைத்திருக்கிறது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்கார்ட், பிரிடோவிச் என்னும் இரு விஞ்ஞானிகள், இப்பொறியை அவிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நொதி நம் உடலில் உள்ளதென்று கண்டார்கள். அது சூப்பராக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுகின்றது. பின்னர் கேட்டலேஸ் முதலிய வேறு நொதிகள் அதனை வெறும் நீராக்கி விடுகின்றன. பொறிகள் பெருகிக் காவல் குன்றும் நிலைமைக்கு 'ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்' என்று பெயர். ஹெல்மட் சீஸ் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் 1985இல் வெளியிட்ட நூலின் வாயிலாக இப்பெயர் நிலைபெற்றது. இப்பொறிகள் முற்றும் பகையென்றும் கொள்ளற்க. நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளைக் கொல்வதற்கு இவற்றையே ஆயுதமாகக் கொள்கின்றன. அளவோடிருக்கும்போது அடுப்பு நெருப்பு; அளவு மீறினால் கூரையைப் பற்றும் நெருப்பு. வேற்றுமை அவ்வளவே.

இனித் தேகப்பயிற்சிக்கு வருவோம். சும்மா இருக்கும் ஒருவன் நிமிஷமொன்றுக்குச் சுமார் கால் லிட்டர் பிராணவாயுவைச் செலவிடுகிறான். விரைந்து ஓடும்போது அச்செலவு பத்து மடங்குக்கு மேலும் உயர்கின்றது. உழைக்கும் தசையில் பொறிகளும் மிகுகின்றன. மேற்சொன்ன அடுப்புகளிலிருந்து மட்டுமன்றி, தசையிலுள்ள வேறு சில நொதிகளினாலும் அவை உண்டாகின்றன. 1982இல் அமெரிக்காவில் எலிகளைக் களைத்து விழும்வரை ஓடச் செய்து சோதித்தபோது, அவற்றின் தசையிலும் ஈரலிலும் இப்பொறிகள் இரண்டு மூன்று மடங்கு பெருகியிருந்தனவாம். அங்ஙனமாயின், ஓடுவது தீங்கன்றோ என்று நீங்கள் கேட்கலாம். அன்று. பழகாத உடல் ஒரே நாளில் அளவு மீறி உழைத்தால்தான் தீங்கு. நாள்தோறும் சிறிது சிறிதாக உழைக்கும் உடல், அச்சிறு பொறிகளையே ஓர் எச்சரிக்கையாகக் கொண்டு, காவல் நொதிகளை மிகுதியாக உண்டாக்கிக் கொள்கிறது. புதிய அடுப்புகளையும் கட்டிக்கொள்கிறது. ஆகவே, நாடோறும் பயில்பவன் ஒரே வேகத்தில் ஓடும்போது பழகாதவனைக் காட்டிலும் குறைந்த சேதத்தையே அடைகிறான்.

இதனை நம்மூர் வழக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதம் முழுவதும் கடையிலும் அலுவலகத்திலும் நாற்காலியை விட்டு எழாதவர் பௌர்ணமியன்று மட்டும் கிரிவலம் வந்தால், மறுநாள் படுக்கையினின்று எழுந்திருக்க முடியாமற் போகிறது. நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பவருக்கோ அந்தப் பதினான்கு கிலோமீட்டர் ஒரு பாரமாகத் தோன்றுவதில்லை. பக்தி இருவருக்கும் ஒன்றுதான். உடலின் பழக்கம் வேறு.

இனி உயர்மலையின் இயல்பைக் காண்போம். நம் அண்ணாமலையின் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 814 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தாழ்கின்றது. உடல் அதைப் பொருட்படுத்துவதில்லை. தமிழ்நாட்டில் மிக உயர்ந்த இடமெனப்படும் நீலகிரித் தொட்டபெட்டா 2,637 மீட்டர். மலைநோய் தோன்றத்தக்க உயரம் 2,500 மீட்டரிலிருந்து தொடங்குகிறதென்பர். எனவே, நம் நாட்டு மலைகளில் ஏறி இறங்கிய அனுபவம் இமயமலைக்குப் போதிய பாடமாகாது. லே நகரில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. கார்துங் கணவாயில் ஏறக்குறையப் பாதி. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் நூற்றுக்கு இருபத்தொன்றேயாயினும், காற்றே அடர்த்தி குன்றியிருப்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைந்துபோகிறது.

பிராணவாயு குறைந்தால் அதனால் தெறிக்கும் பொறிகளும் குறைய வேண்டுமன்றோ? நானும் அங்ஙனமே நினைத்தேன். உண்மை அதற்கு மாறானது. அரிக்கேன் விளக்கின் காற்றுத் துளைகள் அடைபட்டால் என்ன நேர்கிறது? சுடர் மங்குகிறது; ஆனால் புகையும் கரியும் மிகுகின்றன. எண்ணெய் இருந்தும் காற்றில்லாமையால் எரிதல் அரைகுறையாகிறது. உயிரணுவின் அடுப்பிலும் இதையொத்ததே நிகழ்கிறது. கடைசிப் படியில் எலெக்ட்ரான்களை ஏற்றுக்கொள்ளப் போதிய பிராணவாயு இல்லாதபோது அவை பின்னே தேங்கி நின்று வழிதவறுகின்றன. மலையின் குளிரும், கடுமையான சூரிய கிரணங்களும், பசியின்மையால் குறையும் உணவும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1997இல் பிரான்ஸ் தேசத்து மார்ஸேல் நகரில் எட்டுத் தொண்டர்களை ஓர் இரும்பறையில் வைத்து, பல நாட்களாகப் படிப்படியே காற்றழுத்தத்தைக் குறைத்து, எவரெஸ்ட் சிகரத்தின் நிலைமையை உண்டாக்கினார்கள். அவர்களுடைய இரத்தத்தில் கொழுப்பு சுடப்பட்டதற்கு அடையாளமான பொருள், 6,000 மீட்டர் நிலையில் நூற்றுக்கு 23 பங்கும், எவரெஸ்ட் நிலையில் 79 பங்கும் அதிகரித்திருந்தது. இது சும்மா இருக்கையிலே கண்ட அளவு. உழைப்பும் உயரமும் ஒருங்கு சேர்ந்தால் பாரம் இரட்டிக்கிறது. இறங்கியவுடன் கடைவீதி சுற்றிய எங்கள் செய்கை எத்தகையது என்பதை இனி நான் விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாமாவின் நுரையீரலில் நீர் கோத்தது இப்பொறிகளால் மட்டுமே என்று நான் கூறவில்லை. பிராணவாயு குறையும்போது நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றுள் அழுத்தம் மிகுந்து நீர் கசிகின்றது. அதுவே பிரதான காரணம். மேலே சொன்ன அழுத்தம் அதற்கு உடந்தையாகிறதென்று கொள்ளலாம். இங்கே வாலிபர்கள் கவனிக்க வேண்டிய உண்மை யாதெனில், தேகபலம் மலைநோய்க்குக் கவசமாகாது. பலசாலி வேகமாக ஏறுகிறான். நோவை வெளியிட வெட்கப்படுகிறான். ஆதலால் அவனே முன்னதாக வீழ்வதும் உண்டு. சமவெளியில் பெற்ற பயிற்சி தசைக்குக் கற்பித்த பாடம். உயரம் என்பது வேறொரு பாடம். அதற்குரிய காலத்தைத் தனியே கொடுத்தாக வேண்டும்.

அப்படியானால் மாத்திரை? ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின்கள் என்று வில்லைகள் இப்போது எல்லா மருந்துக் கடைகளிலும் விற்கப்படுகின்றன. பொறியை அவிக்கும் பொருளை வாயில் போட்டுக்கொண்டால் தீங்கு நீங்குமென்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். 2009இல் வெளியான இரண்டு ஆராய்ச்சிகள் எனது கண்ணைத் திறந்தன. ஒன்றில், கடல் மட்டத்தவராகிய 83 பேர் தென் அமெரிக்காவிலுள்ள பொலிவியா தேசத்தில் 5,200 மீட்டர் உயரத்துக்குச் சென்றனர். ஒரு சாராருக்கு வைட்டமின் ஸி, வைட்டமின் ஈ, லிப்போயிக் அமிலம் ஆகியவற்றையும், மற்றொரு சாராருக்கு மருந்தற்ற வெறும் வில்லைகளையும், யாருக்கு எதுவென்று தெரியாத வகையில் கொடுத்தார்கள். மலைநோய் இரு சாராரிடத்தும் ஒத்தே காணப்பட்டது. மற்றொன்று ஜெர்மனியில் நடந்தது. நான்கு வாரம் தேகப்பயிற்சி செய்த வாலிபர்களில், வைட்டமின் ஸி 1,000 மில்லிகிராமும் வைட்டமின் ஈயும் நாள்தோறும் உட்கொண்டவர்களுக்கு, பயிற்சியினால் இன்ஸுலின் செவ்வனே வேலைசெய்யும் நன்மை கிட்டவில்லை. மாத்திரையின்றிப் பயின்றவர்களுக்குக் கிட்டியது. பாடம் கற்பிக்க வந்த சிறு பொறியை மாத்திரை அவித்துவிட்டது. உடல் கற்க வேண்டியதைக் கல்லாமல் நின்றது. மாணவனுக்குப் பதிலாகத் தகப்பன் கணக்குப் போட்டுக் கொடுத்தால் மாணவன் எங்ஙனம் கணக்குக் கற்பான்?

இதனால் உணவிலுள்ள சத்துக்களை வேண்டாமென்று தள்ளுகிறேன் என எண்ணற்க. நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, நம் மாவட்டத்து நிலக்கடலை, பயறு வகைகள் ஆகிய இவை யாவும் உடலின் காவலுக்கு வேண்டிய பொருள்களைத் தருகின்றன. உயரத்தில் புதிய இரத்தம் ஊறுவதற்கு இரும்புச்சத்தும் வேண்டும். சோகை உள்ள தாய்மார்கள் யாத்திரைக்குச் சில மாதங்கள் முன்பே டாக்டரைக் கண்டு அதைச் சரிசெய்து கொள்ளல் நலம். உணவு உணவாக இருக்கட்டும். அதை ஏணியாக எண்ணி மலையேற வேண்டாம் என்பதே என் கருத்து.

மெய்யான காவல் யாது? காலம். இதை உலகத்துக்கு அறிவித்தவர்களுள் நம் தேசத்தாரும் முதன்மையானவர்கள். 1962ஆம் ஆண்டு சீன யுத்தத்தின்போது சமவெளிச் சிப்பாய்கள் இமயத்தின் உயரங்களுக்குத் திடீரென்று கொண்டு செல்லப்பட்டார்கள். மலைநோய்க்கு ஆளான 1,925 வீரர்களைப் பற்றி இந்தர்சிங் என்னும் நம் இராணுவ வைத்தியரும் அவர்தம் சகாக்களும் 1969இல் வெளியிட்ட கட்டுரையை உலக வைத்தியர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகின்றனர். அதே 1962இல் டில்லியில் இராணுவ உடலியல் ஆராய்ச்சிக் கழகமும் நிறுவப்பெற்றது. இவ்வனுபவங்களின் பயனாக இன்று நம் இராணுவத்தில் ஓர் ஒழுங்கு நிலவுகிறது: 9,000 அடி முதல் 12,000 அடி வரையிலான உயரத்தில் ஆறு நாள், பின் 15,000 அடி வரை நான்கு நாள், அதற்கு மேலே மற்றும் நான்கு நாள். முதலிரண்டு நாள் ஓய்வு. பிறகு மெல்ல நடை. அதன் பின்னரே ஏற்றம். பலசாலிகளான சிப்பாய்களுக்கே இது விதி. மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த தமிழ்ப்பிள்ளைகள் 19,000 அடிக்கு மேலுள்ள சியாச்சின் காவல் நிலையங்களில் நின்றதும் இவ்வொழுங்கின் வழியேதான்.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்து, தமிழ்நாட்டுப் பெண்களில் முதல்வரென்ற பெயர் பெற்ற விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி அவர்களை நீங்கள் அறிவீர்கள். அச்சிகரத்துக்குச் செல்வோர் ஒரே மூச்சில் ஏறுவதில்லை. வாரக்கணக்கில் மலையடி முகாமில் தங்கி, மேலே ஏறிப் பழகி, கீழே இறங்கி உறங்கி, உடலைப் படிப்படியாகப் பழக்குகிறார்கள். அங்ஙனம் தங்கும் நாட்களில்தான் மூச்சு ஆழமாகிறது; சிவப்பணுக்கள் பெருகுகின்றன. பிராணவாயு குறைந்ததென்று உயிரணு எப்படி அறிந்துகொள்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காகவே 2019இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

எனவே, யாத்திரை செல்லும் குடும்பத்தாருக்குச் சில வார்த்தைகள். கேதாரம் சுமார் 11,700 அடி. அமரநாதக் குகை 12,700 அடி. 2025இல் மீண்டும் திறக்கப்பட்ட கைலாச யாத்திரையில் மானஸ ஸரோவரம் சுமார் 15,000 அடி, டோல்மா கணவாய் 18,000 அடிக்கும் மேல். கேதாரத்துக்கு ஹெலிகாப்டரில் சில நிமிஷங்களில் போய்விடலாம். உடல் அவ்வளவு விரைவில் போய்ச் சேர்வதில்லை. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு தங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும். முதல் நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் கூடா. இருதய நோய், காசம், இரத்தக் கொதிப்பு உடையோர் டாக்டரின் சம்மதமின்றிப் புறப்படலாகாது. அசிட்டஸோலமைடு என்னும் மருந்து உடலைப் பழக்குவதற்குத் துணைசெய்வதுண்டு. அதுவும் டாக்டரின் சொற்படியே கொள்ளத்தக்கது.

தலைநோவும் குமட்டலும் கண்டால் அது மலைநோயென்றே கொண்டு மேலே ஏறாமல் நிற்க வேண்டும். சும்மா இருக்கையிலும் மூச்சு வாங்குதல், விடாத இருமல், தள்ளாடும் நடை, புத்தி மயக்கம் என்னும் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் நள்ளிரவாயினும் கீழே இறங்க வேண்டும். நேர்கோட்டில் அடிமேல் அடிவைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். நடக்க முடியாதவரைத் தனியே விடாதீர்கள். எல்லாவற்றினும் முக்கியமாக, நோவை மறைக்காதீர்கள். மறைப்பவருக்கு உடன்படவும் செய்யாதீர்கள். நான் உடன்பட்டேன்.

வாலிபர்களே! உங்கள் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இராணுவத் தேர்வின் 1,600 மீட்டர் ஓட்டத்துக்குத் தேர்வுக்கு முந்திய வாரத்தில் மட்டும் உயிரைக் கொடுத்து ஓடாமல், மாதக்கணக்கில் படிப்படியாகக் கூட்டிப் பயிலுங்கள்; வாரத்தில் ஒரு நாள் உடலுக்கு ஓய்வு கொடுங்கள். நாளை மலையில் உங்கள் மேலதிகாரி "இன்று ஓய்வு" என்றால் அதைச் சோம்பலென்று எண்ணாது, அன்றைய கடமையாக நிறைவேற்றுங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். உயர்மலைக்குச் செல்லும் நம்மவர் ஒவ்வொருவரும் புறப்படுமுன் ஒரு டாக்டரைக் கண்டு வரவும், நோய்க்குறிகளையும் தங்கவேண்டிய நாட்களையும் எழுதிய ஒரு தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவும் சங்கம் ஏற்பாடு செய்யுமானால், அத்தாளை அச்சிடும் செலவை அடியேன் ஏற்றுக்கொள்கிறேன்.

என் மாமா இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இப்போதும் கிரிவலம் வருகிறார். ஆனால் வழியில் இரண்டிடத்தில் உட்கார்ந்து எழுகிறார். இக்கூட்டத்தில் தம் கதையைச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லு தம்பி, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார். அவருடைய அனுமதியோடு சொன்னேன்.